மெயில்லயே விளையாடலாம்: அகராதிச் சொல்லுக்குப் பொய் அர்த்தம் எழுதுற ஆட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை ஒருத்தர் அகராதியிலருந்து எடுத்துக் குடுப்பார், மத்தவங்க எல்லாரும் அதுக்கு நிஜம் மாதிரியே தெரியற ஒரு பொய் அர்த்தத்தை எழுதி அவருக்கு மட்டும் அனுப்புவாங்க, அவர் அந்தப் பொய்யையெல்லாம் உண்மையான அர்த்தத்தோட கலந்துகட்டி ஒரே பட்டியலா திருப்பி அனுப்புவார், அதுல எது நிஜம்னு கண்டுபிடிக்கணும். ஆட்டம் இவ்ளோதான். நிஜத்தைக் கண்டுபிடிச்சாலும் பாயிண்ட், நம்ம பொய்யை அடுத்தவங்க நம்பினாலும் பாயிண்ட்.

இங்கிலீஷ்ல இதை ஃபிக்‌ஷனரின்னும் டிக்‌ஷனரி கேம்னும் சொல்வாங்க, ரொம்ப காலமா வீட்ல உக்காந்து பேப்பர் பேனாவோட விளையாடினதுதான். பிபிசி 1965ல கால் மை பிளஃப்னு இதையே டிவி நிகழ்ச்சியாக்குனாங்க, ஒரு சொல்லுக்கு மூணு பேர் மூணு அர்த்தம் சொல்வாங்க, ஒண்ணுதான் நிஜம். 1984ல டொரண்டோவைச் சேர்ந்த லாரா ராபின்சனும் பால் டாய்னும் பால்டர்டாஷ்ங்கிற பேர்ல பெட்டி போட்ட விளையாட்டா கொண்டுவந்தாங்க, அதுல சொல் எழுதின கார்டு எல்லாம் ரெடியா இருக்கும். நமக்கு அந்தப் பெட்டி வேண்டாம். தமிழ் அகராதி ஒண்ணு, மெயில் ஐடி வெச்சிருக்கிற ஏழெட்டு ஃப்ரெண்ட்ஸ், அது போதும்.

ஏன் மெயில், வாட்ஸப் இருக்கேன்னு கேப்பீங்க. வாட்ஸப் குரூப்ல இதை நடத்தினா யாராச்சும் ஒருத்தர் பழக்கதோஷத்துல குரூப்லயே அர்த்தத்தை டைப் பண்ணிடுவார், அந்த ரவுண்டு அதோட போச்சு. அதுபோக இந்த ஆட்டத்துக்கு யோசிக்க நேரம் வேணும். நல்ல பொய் உடனே வராது, பஸ்ல போறப்ப வரும், துணி காயப்போடுறப்ப வரும். சென்னைல ஒருத்தர், லண்டன்ல ஒருத்தர், டொரண்டோல ஒருத்தர்னு இருந்தா எல்லாரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கவே மாட்டாங்க, மெயில்ல அது ஒரு பிரச்சனையே இல்ல. என்னைப் பொறுத்தவரை நேர்ல விளையாடுறதவிட மெயில்லதான் இது நல்லா இருக்கு, ஏன்னா நேர்ல ஒருத்தர் எழுதிட்டு உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்குறதுலயே பாதி ரகசியம் வெளிய வந்துடும்.

ஆள் சேக்கறது

சொல் வைக்கிறவரைத் தவிர அஞ்சுலருந்து எட்டு பேர் இருந்தா சரியா இருக்கும். மூணு பேர்னா பட்டியல்ல மொத்தமே நாலு வரிதான், குருட்டாம்போக்குல சொன்னாலே சரியாயிடும். பத்துக்கு மேல போனா பட்டியலைப் படிக்கறதுக்குள்ள முதல் வரி மறந்துடும், ஓட்டும் சிதறிடும்.

எல்லாரும் தமிழ் எம்.ஏ. படிச்சவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. பாக்கப்போனா கலந்து இருக்குறதுதான் நல்லது. விவசாயம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தா அவர் எழுதற பொய்ல நுகத்தடியும் வாய்க்காலும் அவ்ளோ இயல்பா வந்து உக்காரும், அக்கவுண்டன்ட் ஒருத்தர் இருந்தா பழைய வரி, குத்தகைன்னு நம்புற மாதிரி எழுதுவார். ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துக்குங்க, சேர்றவங்க மெயில் பாக்கற பழக்கம் உள்ளவங்களா இருக்கணும். "மெயிலா, அது எங்கயோ இருக்கு"ங்கிறவரை எவ்ளோ பிடிச்சிருந்தாலும் ஆட்டத்துல சேக்காதீங்க, அவருக்காக ஆறு பேர் காத்துக்கிட்டு இருக்க வேண்டி வரும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விதிமுறை மெயில் எல்லாருக்கும் போகணும். எந்த அகராதி, எத்தனை நாள் டைம், பாயிண்ட் கணக்கு எப்படி, அப்புறம் முக்கியமா, ரவுண்டு முடியற வரைக்கும் அந்தச் சொல்லை அகராதிலயோ கூகிள்லயோ யாரும் தேடக் கூடாது. இதைக் கண்காணிக்க வழியே கிடையாது, நம்பிக்கைதான். தெரியாம எங்கயோ கண்ணுல பட்டுடுச்சுன்னா சொல் வைக்கிறவருக்குத் தனியா சொல்லிட்டா போதும், அவர் பொய் எழுதலாம், ஓட்டு மட்டும் போடக் கூடாது.

எந்த அகராதி

என் ஓட்டு மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட தமிழ் லெக்சிகனுக்குத்தான். 1924லருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, 1939ல ஒரு அனுபந்தமும் வந்துச்சு, வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியரா இருந்து முடிச்சது. லட்சத்துக்கும் மேல சொல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் அர்த்தம் இருக்கும். சிகாகோ யூனிவர்சிட்டி நடத்துற தெற்காசிய அகராதிகள் தளத்துல இது முழுசா தேடற மாதிரி இருக்கு, காசு இல்ல. அதே தளத்துல வின்சுலோ அகராதியும் இருக்கு, 1862ல வந்தது, ஆனா அதுல அர்த்தமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கறதால நாமளே தமிழாக்கணும், அங்க நம்ம நடை உள்ள வந்துடும். க்ரியா அகராதி இன்னிக்குப் புழங்குற தமிழுக்கானது, அதனால வினோதமான சொல் தேடறதுக்கு அது சரிப்படாது, ஆனா ஒரு அர்த்தத்தை எப்படிச் சுருக்கமா எழுதறதுன்னு கத்துக்க அதைவிட நல்ல புத்தகம் இல்லன்னுதான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் ஒரு சீசன் முழுக்க, அதாவது எல்லாரும் ஒரு முறை சொல் வெச்சு முடிக்கற வரைக்கும், ஒரே அகராதி. மாத்தி மாத்தி எடுத்தா அப்புறம் "என் அகராதில வேற போட்டிருக்கு"ன்னு பஞ்சாயத்து வரும்.

சொல் தேடறது

இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. சொல் வித்தியாசமா இருந்தா போதும்னு நினைக்கறாங்க. போதாது. மூணு நாலு விஷயம் பாக்கணும்.

முதல்ல, யாருக்கும் தெரியக் கூடாது. ஞமலி, கொண்மூ, கேழல் மாதிரி சொல்லெல்லாம் கேக்க விநோதமா இருக்கும், ஆனா ஸ்கூல்ல சங்கப்பாட்டு ஒழுங்கா படிச்ச ஒருத்தர் இருந்தா உடனே நாய், மேகம், பன்னின்னு சொல்லிடுவார். மலையாளம் தெரிஞ்சவங்க குரூப்ல இருந்தா இன்னும் ஜாக்கிரதை, நம்ம பேச்சுல காணாமப் போன சொல் அங்க தினமும் புழங்கும். ஞெண்டுன்னு ஒரு சொல் வெச்சீங்கன்னா நாகர்கோவில் ஃப்ரெண்டு ஒரு நொடில நண்டுன்னு சொல்லிடுவார். யாழ்ப்பாணத்து ஆளுங்க இருந்தா அலவாங்கு, பேணி, கதிரை எல்லாம் அவங்க வீட்டுச் சொல், நமக்குத்தான் புதுசு.

அடுத்தது, சொல்லுக்குள்ளயே அர்த்தம் ஒளிஞ்சிருக்கக் கூடாது. ரெண்டு சொல் ஒட்டின மாதிரி இருந்தா பிரிச்சுப் பாத்து கண்டுபிடிச்சுடுவாங்க. சமஸ்கிருதத்துலருந்து வந்த சொல்லும் அப்படித்தான், கொஞ்சம் சமஸ்கிருதம் தெரிஞ்சவர் ஒருத்தர் போதும், ரவுண்டு காலி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தப்பான பக்கம் கைகாட்டுற சொல்தான். இடங்கர்னு ஒரு சொல் இருக்கு. பாத்தவுடனே "இடம்" ஞாபகம் வரும், முடிவுல "அர்" இருக்கறதால ஏதோ ஆளுங்க போலன்னு தோணும். நிஜத்துல அது முதலையில ஒரு வகை. குறிஞ்சிப்பாட்டுல முதலை, இடங்கர், கராம்னு மூணையும் ஒரே வரில அடுக்கியிருப்பார் கபிலர். இந்த மாதிரி சொல் கிடைச்சா பத்திரமா எழுதி வெச்சுக்குங்க.

இன்னொரு வகை, எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லோட தெரியாத அர்த்தம். குளிர்னா சில்லுனு இருக்கறதுன்னுதான எல்லாருக்கும் தெரியும், தினைப்புனத்துல கிளி விரட்டறதுக்கு வெச்சிருந்த ஒரு கருவிக்கும் குளிர்னுதான் பேரு. தட்டைங்கிறதும் அதே மாதிரி கிளி விரட்டற கருவிதான். கன்னல்னா கரும்பு, ஆனா நேரம் பாக்கற நாழிகை வட்டிலும் கன்னல்தான். இப்படி வைக்கறப்ப "தெரிஞ்ச அர்த்தம் கணக்குல வராது, இன்னொண்ணு இருக்கு"ன்னு மெயில்லயே சொல்லிடணும், இல்லன்னா ரெண்டு பேர் கரும்புன்னு அனுப்பிட்டு பாயிண்ட் கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான்.

சொல் முடிவானதும் அந்த அகராதில அந்தச் சொல்லுக்கு இருக்குற எல்லா அர்த்தத்தையும் படிச்சுக்குங்க. இது ரொம்ப முக்கியம். தமிழ்ல ஒரே சொல்லுக்கு ஏழெட்டு அர்த்தம் சர்வசாதாரணம். சூடாமணி நிகண்டுல (செய்யுளா எழுதின பழைய அகராதி) பதினோராவது பகுதி முழுக்கவே ஒரு சொல் பல பொருள்தான், லெக்சிகன் அந்த நிகண்டு அர்த்தத்தையெல்லாம் வாரி எடுத்து வெச்சிருக்கு. நீங்க நாலாவது அர்த்தத்தை நிஜம்னு வெச்சிருப்பீங்க, ஒருத்தர் பொய்யின்னு நினைச்சு எழுதினது ஆறாவது அர்த்தமா இருந்து தொலைக்கும். அதைத் தெரியாம பட்டியல்ல போட்டுட்டா ரெண்டு நிஜம் ஆயிடும்.

முதல் மெயில்

இப்ப டெக்னிக்கல் விஷயம். எல்லாரோட ஐடியையும் பிசிசில (BCC, அதுல போட்ட ஐடி மத்தவங்களுக்குத் தெரியாது) போடுங்க, டூ-ல உங்க ஐடியையே போட்டுக்குங்க. இந்த ஒரு விஷயம்தான் மெயில் ஆட்டத்தையே நடத்துது. பிசிசில வந்த மெயிலுக்கு ஒருத்தர் தப்பா ரிப்ளை ஆல் அமுக்கினாக்கூட அது உங்களுக்கு மட்டும்தான் வரும், மத்தவங்க ஐடியே அதுல கிடையாது. சிசில போட்டீங்கன்னா ஒரே ஒரு அவசரக்காரர் போதும், எல்லாம் அம்பலம். கூகிள் குரூப்ஸ்ல பொது ஐடி வெச்சு நடத்தலாமான்னு கேப்பாங்க, ரிசல்ட் அனுப்ப அது நல்லா இருக்கும், அதுக்கு முந்தின ரெண்டு கட்டத்துக்கும் வேண்டாம்.

பிசிசி மெயில் சில சமயம் ஸ்பேம்ல போய் உக்காந்துக்கும், அதனால முதல் தடவையே உங்க ஐடியை காண்டாக்ட்ல சேவ் பண்ணிக்கச் சொல்லிடுங்க.

சப்ஜெக்ட்ல ரவுண்டு நம்பர், சொல், என்ன செய்யணும், எப்பக்குள்ள, நாலும் இருக்கணும். "ரவுண்டு 3 - இடங்கர் - அர்த்தம் அனுப்புங்க - ஞாயிறு ராத்திரி 9 இந்திய நேரம்". உள்ள பெருசா கதை வேண்டாம். சொல், அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, எத்தனை வார்த்தைக்குள்ள எழுதணும் (நான் பத்துன்னு வெச்சிருக்கேன்), யாருக்காச்சும் சொல் முன்னாடியே தெரிஞ்சா தனியா சொல்லிடுங்கன்னு ஒரு வரி. போதும்.

மூணு நாள் டைம் குடுங்க. வெள்ளிக்கிழமை அனுப்பி ஞாயித்துக்கிழமை முடிக்கறது எனக்கு சௌகரியமா படுது, எல்லாருக்கும் லீவு நாள் ஒண்ணாச்சும் நடுவுல கிடைக்கும். கடைசி நாள் காலைல ஒரே ஒரு ஞாபகமூட்டல், அதுவும் அனுப்பாதவங்களுக்கு மட்டும். ஒவ்வொருத்தர் அர்த்தம் வந்ததும் "கிடைச்சுது"ன்னு ஒரு சொல் பதில் போடுங்க, இல்லன்னா போச்சா போகலையான்னு மறுபடி அனுப்புவாங்க, நீங்க குழம்பிடுவீங்க. டைம் முடிஞ்சா முடிஞ்சதுதான், காத்திருக்காதீங்க. வராதவர் இந்த ரவுண்டுல ஓட்டு மட்டும் போடட்டும்.

நல்ல பொய் எழுதறது எப்படி

இது விளையாடறவங்களுக்கு. லெக்சிகனைக் கொஞ்ச நேரம் சும்மா புரட்டுங்க (அந்த ரவுண்டு சொல் பக்கம் போகாம). அகராதிக்குன்னு ஒரு குரல் இருக்கும். அது வர்ணிக்காது, விளக்காது, சுவாரசியமா இருக்கணும்னு கவலையேபடாது. "மரவகை", "மீன்வகை", "பறவைவகை"ன்னு ஒத்தைச் சொல்லோட நிறுத்திடும். அதனால புதுசா சேர்றவங்க செய்யற தப்பு, அழகா எழுதறது. "அரசர்கள் போருக்குச் செல்லும்முன் வெற்றி வேண்டி அதிகாலையில் ஏற்றும் ஏழு திரி விளக்கு"ன்னு எழுதினா படிக்க நல்லா இருக்கும், ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதையே "ஒருவகை விளக்கு"ன்னு எழுதினா ரெண்டு பேர் விழுவாங்க.

ஆனா எல்லாரும் "ஒருவகை"ன்னே எழுத ஆரம்பிச்சா அதுவும் சலிச்சுடும், அப்ப ஒரே ஒரு துல்லியமான விஷயம் சேருங்க. விளக்குங்கறதை விட "மாடக்குழி விளக்கு" நல்லா இருக்கும், மரக்கால்ங்கறதை விட "உப்பு அளக்கும் மரக்கால்" நல்லா இருக்கும். ஒண்ணுக்கு மேல சேத்தா கெட்டுடும்.

சொல்லோட ஓசையைக் கேளுங்க. ஞகரத்துல ஆரம்பிச்சா எல்லாரும் பழைய சொல்லுன்னு முடிவு பண்ணிடுவாங்க, அப்ப பழைய பொருள் எழுதுங்க, பூச்சி, செடி, இசைக்கருவி, ஆயுதம். அரபு, உருது வாடை அடிக்கற சொல்னா கச்சேரி (பழைய அரசு ஆபீஸ்), ரெவின்யூ, குதிரை லாயம், துணிமணி. ஒரு சொல் எங்கருந்து வந்திருக்கும்னு கேக்கறவங்க மனசுல முதல்ல ஒரு எண்ணம் வரும்ல, அதுக்குத் தீனி போடற மாதிரி எழுதினா பாதி வேலை முடிஞ்சுது. அதே சமயம் எல்லாருக்கும் அதே எண்ணம்தான் வரும்ங்கறதையும் மறக்காதீங்க. இடங்கருக்கு நாலு பேர் ஆளுங்களைப் பத்தியே எழுதிட்டா, அஞ்சாவதா வேற எதையாவது எழுதினவர் தனியா தெரிவார், அது நல்லதாவும் முடியலாம், மோசமாவும் முடியலாம்.

அப்புறம் நிஜமான அர்த்தம் பல நேரம் நம்பவே முடியாததா இருக்கும். அளகுன்னா பெண் கோழி, பெண் கூகை ரெண்டுக்கும் பொதுப்பேரு. இந்த ரெண்டுக்கு மட்டும்தான் அந்தப் பேரு வரும்னு தொல்காப்பியம் மரபியல்லயே சொல்லியிருக்கு. பட்டியல்ல "பெண் கோழி, பெண் கூகை"ன்னு பாத்தா யாரோ வேணும்னே எழுதினதுன்னுதான் தோணும். கொஞ்ச ரவுண்டு ஆடினவங்க இதைப் புரிஞ்சுக்கிட்டு வேணும்னே கிறுக்குத்தனமா ஒரு பொய் எழுதுவாங்க, அப்பதான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

பட்டியல் தயார் பண்றது

இந்த வழிகாட்டில ஒரு பகுதியை மட்டும் படிப்பேன்னா இதைப் படிங்க. மெயில் ஆட்டம் நல்லா போகுதா சொதப்புதாங்கறது இந்த ஒரு மெயில்லதான் இருக்கு. பட்டியல்ல இருக்குற எல்லா வரியும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கணும். இல்லன்னா அர்த்தத்தைப் பாக்காம எழுத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க.

எங்கெங்க மாட்டுவோம்னா, ஒருத்தர் முடிவுல புள்ளி வைப்பார், இன்னொருத்தர் வைக்க மாட்டார். ஒருத்தர் "ஒரு வகை"ன்னு பிரிச்சு எழுதுவார், இன்னொருத்தர் "ஒருவகை". போன்ல டைப் பண்றவர் ஸ்பெல்லிங் ஒரு மாதிரி, லேப்டாப்ல டைப் பண்றவர் வேற மாதிரி. இலங்கை நண்பர் ரொறன்ரோன்னு எழுதற இடத்துல நாம டொரண்டோன்னு எழுதுவோம், அர்த்தத்துக்குள்ள ஒரு கடன்சொல் வந்துட்டா போதும், யார் எழுதினதுன்னு பளிச்சுன்னு தெரியும். ண, ன தப்பு, ர, ற தப்பு இதெல்லாம் நீங்களே திருத்திடுங்க, அகராதில எழுத்துப்பிழை இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், பிழையோட போட்டா அந்த வரி பொய்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்.

திருத்தறதுன்னா எழுத்தை மட்டும்தான், விஷயத்தைத் தொடாதீங்க. பேச்சுத்தமிழ்ல எழுதி அனுப்பினா அகராதி நடைக்கு மாத்திக்கலாம், ஆனா அவர் "விளக்கு"ன்னதை நீங்க "குத்துவிளக்கு"ன்னு ஆக்கக் கூடாது. புரியலன்னா அவர்கிட்டயே கேளுங்க.

நிஜ அர்த்தத்துக்கும் இதே மேக்கப் வேணும். லெக்சிகன்ல அர்த்தம் பக்கத்துல பிங்., திவா.ன்னு எந்த நிகண்டுலருந்து வந்ததுங்கற குறிப்பு இருக்கும், அதையெல்லாம் எடுத்துடுங்க. பல அர்த்தம் இருந்தா ஒண்ணை மட்டும் வெச்சுக்குங்க. ரொம்பப் பழைய நடையா இருந்தா மத்த வரிகளோட நடைக்கு இறக்குங்க.

அப்புறம் காப்பி பேஸ்ட். ஒவ்வொரு மெயில்லருந்தும் காப்பி பண்றப்ப எழுத்தோட சைஸ், ஃபாண்ட், கலர் எல்லாம் சேந்து வந்துடும். உங்க ஸ்கிரீன்ல ஒண்ணா தெரியும், வாங்கறவங்க ஸ்கிரீன்ல ஒரு வரி மட்டும் லேசா பெருசா இருக்கும். அதனால ஃபார்மேட்டிங் இல்லாம பேஸ்ட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் வி. இல்லன்னா நோட்பேட்ல ஒரு தடவை போட்டு எடுங்க. எனக்கு நம்பிக்கையானது எல்லாத்தையும் நானே கையால திரும்ப டைப் பண்றது, எட்டு வரிதான, அஞ்சு நிமிஷம், டைப் பண்றப்பவே ஸ்பெல்லிங்கும் சரியாயிடும்.

ரெண்டு பேர் ஒரே பொய்யை எழுதியிருந்தா ஒண்ணா சேத்து ஒரே வரியாப் போடுங்க, விழற ஓட்டு ரெண்டு பேருக்கும் முழுசா போகும். ஒருத்தர் எழுதினது நிஜத்துக்குக் கிட்டத்துல இருந்தா அதைப் பட்டியல்ல போடாம அவருக்கு 3 பாயிண்ட் குடுத்துட்டு, இந்த ரவுண்டு ஓட்டு வேண்டாம்னு தனியா சொல்லிடுங்க. கிட்டத்துலங்கறதை சொல் வைக்கிறவர்தான் முடிவு பண்ணணும், முதலைன்னு மட்டும் எழுதியிருந்தாலே நான் குடுத்துடுவேன், "தண்ணில இருக்குற மிருகம்"னு எழுதியிருந்தா குடுக்க மாட்டேன்.

வரிசையை உங்க மனசுல தோணற மாதிரி போடாதீங்க. நிஜத்தை ஒளிச்சு வைக்கறதா நினைச்சு நடுவுலயே வைப்போம், முதல்லயும் கடைசிலயும் வைக்கவே கை வராது, நாலு ரவுண்டுல ஃப்ரெண்ட்ஸ் அதைப் பிடிச்சுடுவாங்க. சீட்டு குலுக்கிப் போடுங்க.

இடங்கருக்கு ஆறு பேர் எழுதியிருந்தா முடிஞ்ச பட்டியல் இப்படி இருக்கும்:

1. தேர் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும் கோயிற்பணியாளர்
2. மூக்குத்தியின் திருகாணி
3. கூத்தில் இடப்பக்கம் இருந்து தாளம் போடுவோர்
4. கதிர் அறுத்தபின் வயலில் எஞ்சும் அடித்தாள்
5. முதலைவகை
6. உப்பு ஏற்றும் சிறு படகு
7. ஊரெல்லையில் குடியிருப்போர்

ஓட்டு

இதையும் புது மெயிலா, பிசிசில. பழைய மெயிலுக்கு ரிப்ளை அமுக்கியோ ஃபார்வர்டு பண்ணியோ பட்டியலை அனுப்பவே அனுப்பாதீங்க, கீழ மடிஞ்சு கிடக்கற பழைய மெயில்ல யாரோ ஒருத்தரோட பதில் அப்படியே ஒட்டிக்கிட்டு போயிடும். சப்ஜெக்டும் மாத்துங்க, "ரவுண்டு 3 - இடங்கர் - ஓட்டு - புதன் ராத்திரி 9". ஒரே சப்ஜெக்ட்ல அனுப்பினா ஜிமெயில் சில சமயம் எல்லாத்தையும் ஒரே கட்டா அடுக்கிடலாம், அப்ப பாதி பேர் புதுசா வந்ததைக் கவனிக்க மாட்டாங்க.

அஞ்சாறு பேர்னா ஆளுக்கு ஒரு ஓட்டு. அதுக்கு மேல இருந்தா முதல் சாய்ஸ், ரெண்டாவது சாய்ஸ்னு ரெண்டு ஓட்டு குடுக்கலாம். தன்னோட வரிக்குத் தானே ஓட்டு போடக் கூடாது. ஓட்டோட ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க, கட்டாயம் இல்ல, ஆனா அந்த வரியெல்லாம் ரிசல்ட்ல போட்டா அவ்ளோ நல்லா இருக்கும்.

பாயிண்டும் ரிசல்ட்டும்

நிஜத்தைக் கண்டுபிடிச்சா 2. உங்க பொய்க்கு விழற ஒவ்வொரு ஓட்டுக்கும் 1. நிஜ அர்த்தத்தையே எழுதி அனுப்பிட்டா 3. ஒருத்தர்கூட கண்டுபிடிக்கலன்னா சொல் வெச்சவருக்கு 3.

மேல இருக்குற பட்டியல்ல முதல் வரிக்கு ரெண்டு ஓட்டு, மூணாவதுக்கு ரெண்டு, படகுக்கு ஒண்ணு, முதலைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. தேர்ப் பணியாளரை எழுதினவருக்கு 2, தாளம் போட்டவருக்கு 2. முதலையைக் கண்டுபிடிச்சது படகு எழுதினவரேன்னா அவருக்கு கண்டுபிடிச்சதுக்கு 2, படகுக்கு 1, ஆக 3, ரவுண்டு அவருக்கு. ஆறுல நாலு ஓட்டு "அர்"ங்கற முடிவைப் பாத்து ஆளுங்க பக்கமே போயிருக்கு பாருங்க, அந்தச் சொல்லை அதுக்காகத்தான் வெச்சது.

ரிசல்ட் மெயிலைக் கடமைக்கு அனுப்பாதீங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறதே இதுக்குத்தான். நிஜத்தை முதல் வரிலயே போட்டு உடைக்காம, ஓட்டே விழாத வரிலருந்து ஆரம்பிங்க, எழுதினவர் யாரு, யார் ஏமாந்தாங்கன்னு ஒவ்வொண்ணா மேல வாங்க, கடைசில நிஜம். அப்புறம் அந்தச் சொல் எங்க வருது, எந்தப் பாட்டுலன்னு ரெண்டு வரி, அகராதிப் பக்கத்தோட போட்டோ. இந்த மெயில்ல மட்டும் எல்லாரையும் டூ-லயே போடுங்க, ரிப்ளை ஆல் பண்ணட்டும், சண்டை போடட்டும், அரட்டை அடிக்கட்டும். எல்லாரும் எல்லார் ஐடியையும் பாக்கறதுல ஆட்சேபம் இல்லையான்னு ஆரம்பத்துலயே கேட்டு வெச்சுக்குங்க.

மொத்த ஸ்கோரை ஒரு ஷீட்ல வெச்சு லிங்க் குடுத்துடலாம். கூடவே வந்த சொல், நிஜ அர்த்தம், நல்ல பொய் எல்லாத்தையும் அதுலயே இன்னொரு டேப்ல ஏத்தி வைங்க, வெச்ச சொல்லையே மறுபடி வைக்காம இருக்கறதுக்கும் உதவும்.

அடுத்த சொல்லை யார் வைக்கறதுன்னா, ஜெயிச்சவர் வைக்கணும்னு சில பேர் விளையாடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. திறமையா எழுதறவர் திரும்பத் திரும்பச் சொல் வைக்கிறவராவே உக்காந்துடுவார், அவர் பொய்யைப் படிக்கற சந்தோஷம் நமக்குப் போயிடும். பேர் வரிசைப்படி சுத்தி வரட்டும். எல்லாருக்கும் ஒரு முறை வந்ததும் ஒரு சீசன் முடிஞ்சுதுன்னு ஸ்கோரை அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க, பின்தங்கினவங்களுக்கும் உற்சாகம் வரும். சீசன் கடைசில ரெண்டு பேர் சமமா நின்னா பாயிண்டைப் பாக்காம யார் பொய் அதிகம் ஓட்டு வாங்குச்சுன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

ஆரம்பிக்கறவங்களுக்கு வசதியா கொஞ்சம் சொல் குடுக்கறேன், எல்லாமே லெக்சிகன்ல இருக்கு. அர்த்தத்தை இங்க வேணும்னேதான் எழுதல, உங்க குரூப்ல இதைப் படிக்கறவங்க இருப்பாங்க, அதனால சொல் வைக்கப்போறவர் மட்டும் போய்ப் பாத்துக்குங்க: பஃறி, குடிஞை, ஐயவி, ஆகுளி, சிதலை, பதலை, உலண்டு, எழினி, ஆம்பி, துவலை, வெருகு, இலஞ்சி.